புவெனஸ் ஐரிஸில் 39 குவாத்ரா

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் முதல் நாளே வழி தவறினேன். மேப் பார்க்காமல் நடந்தால்தான் ஊர் பழகும் என்று நானாக எடுத்துக்கொண்ட வீம்பு, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. தங்கியிருந்தது அல்மாக்ரோ என்ற பேட்டையில், மெத்ரானோ தெருவில், ஒரு வீட்டின் மாடி அறை. காலையில் சுற்றிவிட்டுத் திரும்பும்போது தெரு நேராகத்தான் போனது, வீட்டு எண்ணும் சரியாக இருந்தது. மணியை அழுத்தினேன். பனியன் போட்ட ஒருவர் கதவைத் திறந்து, யார் நீ என்பது போல மேலும் கீழும் பார்த்தார். நிமிர்ந்து தெருப்பலகையைப் பார்த்தால் காஸ்ட்ரோ பாரோஸ் என்று போட்டிருக்கிறது. மெத்ரானோ எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. ரிவடாவியா என்ற பெரிய சாலையை நான் கவனிக்காமல் கடந்திருந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னபோது சிரிப்பை அடக்கவே முடியவில்லை அவருக்கு. எழுபதைத் தாண்டியவர், என்னை "நேனா" என்றுதான் கூப்பிடுவார். நம் ஊர்ப் பாட்டிகள் "ஏ பொண்ணு" என்பார்களே, அது மாதிரி. "ரிவடாவியாவைத் தாண்டினா தெரு பேரை மாத்திக்கும், நேனா. இது தெரியாம இந்த ஊர்ல ஒரு நாள் தள்ள முடியாது" என்று சொல்லி, ஒரு பழைய மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார்.

நடுவில் கிழக்கு மேற்காக ஒரு கோடு, அது ரிவடாவியா. வடக்கு தெற்காகப் போகும் தெருக்கள் அதைத் தொட்டதும் பெயர் மாறும். வடக்கே ஃபுளோரிடா என்றால் தெற்கே பெரு. வடக்கே ரெகொன்கிஸ்தா என்றால் தெற்கே டிஃபென்ஸா. வீட்டு எண் ரிவடாவியாவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஏறும். கிழக்கு மேற்குத் தெருக்களுக்கோ ஆற்றுப் பக்கம்தான் தொடக்கம், மேற்கே போகப்போக எண் ஏறும். ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்தது வரை ஒரு குவாத்ரா, ஏறக்குறைய 100 மீட்டர் அல்லது கொஞ்சம் கூட. ஒவ்வொரு குவாத்ராவுக்கும் 100 எண். இவ்வளவுதான் சூத்திரம். முகவரியைக் காதால் கேட்டாலே எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று மனக்கணக்குப் போட்டுவிடலாம். அங்கே யாரிடம் வழி கேட்டாலும் கிலோமீட்டரோ நிமிடமோ சொல்ல மாட்டார்கள். "நாலு குவாத்ரா நேரே, ரெண்டு இடது" என்பார்கள். மூன்றாம் நாளே எனக்கும் அப்படித்தான் யோசனை ஓடியது.

நான் போனது 2023 நவம்பரில். மூன்று வாரம். நகரத்தில் மட்டும் 31 லட்சம் பேர், அதிகாரப்பூர்வமாக 48 பேட்டைகள். பாரியோ என்பார்கள். அந்த 48இல் நான் ஒழுங்காகப் பார்த்தது எட்டோ ஒன்பதோ. அதில் வருத்தமில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாரியோ, அதையும் நடந்தே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். "மூன்று நாளில் முழு ஊர்" திட்டத்தோடு வந்தவர்களை விமான நிலையத்தில் சந்தித்தேன். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் டாக்ஸியின் ஜன்னலை.

தங்குவதற்குப் பலரும் பலெர்மோ என்ற பேட்டையைச் சொல்வார்கள். கஃபே, பூங்கா, கடை எல்லாம் அங்கே உண்டு, இரவில் தெருவில் ஆள் நடமாட்டமும் இருக்கும். தனியாக வரும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அங்கே இரண்டு மாலை சுற்றியதில், உலகத்தின் எந்தப் பெரிய நகரத்திலும் இருக்கக்கூடிய ஒரு தெருவில் நிற்பது போலத்தான் இருந்தது. அல்மாக்ரோவில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் ரிவடாவியா, அடியில் சுப்தேயின் ஏ லைன். வடக்கே சற்று நடந்தால் கொரியெந்தஸ் சாலை, அடியில் பி லைன். சுப்தே என்றால் அங்குள்ள மெட்ரோ. ஏ லைன் 1913இல் ஓடத் தொடங்கியது, தென் அரைக்கோளத்திலேயே முதல் சுரங்க ரயில் அதுதான். அந்தக் கால மரப்பெட்டிகள் 2013 ஜனவரி வரை ஓடினவாம். பத்து வருடம் பிந்திப் போய்விட்டேன்.

வீட்டிலிருந்து மூலைக்குப் போனால் லாஸ் வியோலெத்தாஸ். 1884இல் திறந்த காப்பிக்கடை, முகவரி ரிவடாவியா 3899. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சலவைக்கல் தரை, விறைப்பாக நிற்கும் பரிசாரகர்கள். மாலை ஐந்தரைக்குப் பாட்டிமார்கள் நகை போட்டுக்கொண்டு வந்து உட்கார்வார்கள். இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பதரைக்கு மேல்தான். அதுவரை தாக்குப்பிடிக்க மெரியெந்தா என்ற மாலைச் சிற்றுண்டி. முதல் வாரம் ஏழரை மணிக்கே பசியோடு போய், கதவு சாத்தின ஓட்டல்களைப் பார்த்து நின்ற எனக்கு அந்த மெரியெந்தாவின் அருமை அப்புறம்தான் புரிந்தது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காலையிலும் மாலையிலும் சாப்பிடும் பிறை வடிவ ரொட்டிக்கு மெதியாலூனா என்று பெயர். அதில் இரண்டு வகை. 'தெ மந்தேக்கா' என்றால் வெண்ணெய் போட்டது, உப்பலாக, மேலே பாகு தடவி, இனிப்பாக இருக்கும். 'தெ கிராஸா' என்றால் கொழுப்பு போட்டது, மெல்லிசாக, உப்பாக இருக்கும். அது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. இரண்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். நான்கு நாள் இரண்டையும் ரசித்துச் சாப்பிட்ட பிறகு எனக்கு இது தெரிந்தது. அப்புறம், 'கார்னே வேண்டாம்' என்று சொன்னால் போதாது. கார்னே என்றால் அவர்களுக்கு மாட்டிறைச்சி. கோழியும் பன்றித்தொடையும் அந்தக் கணக்கில் வராது. "சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். கோழிக்குப் பாடப்புத்தக ஸ்பானியத்தில் போயோ. இந்த ஊர் வாயில் அது போஷோ. தெருவுக்குக் காயே இல்லை, காஷே. ஆப்பில் ஆறு மாதம் படித்துவிட்டுப் போன ஸ்பானியம் முதல் நாளே ஷகரத்தில் கரைந்து போனது.

மற்றபடி பட்டினி இல்லை. எம்பனாடா என்பது நம் சோமாசி மாதிரி உள்ளே பூரணம் வைத்து மடித்தது. சோளம் வைத்த உமித்தா எம்பனாடா, வெங்காயம் சீஸ் எம்பனாடா எங்கும் கிடைக்கும். எம்பனாடாவின் ஓர மடிப்பைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் கடைக்குக் கடை மடிப்பு மாறும், ஆகவே கேட்டுவிடுவது நல்லது. கொரியெந்தஸில் 1932இலிருந்து இருக்கும் குவெரின் என்ற பீட்சாக் கடையில் முன்பக்கம் நின்றுகொண்டே சாப்பிடும் மேடை உண்டு. ஃபுகாசெத்தா என்று ஒன்று: இரண்டு விரல் தடிமன், உள்ளே சீஸ், மேலே வெங்காயக் குவியல். அதன் தலையில் ஃபைனா என்ற கொண்டைக்கடலை மாவு அடையை வைத்துச் சேர்த்துக் கடிக்கிறார்கள். ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்த இத்தாலியர்கள் கொண்டுவந்தது. நமக்கு அது நேராகப் பிடிபட்டுவிடும், ஒரு பச்சை மிளகாய் மட்டும்தான் குறை.

எண் கணக்குப்படி லாஸ் வியோலெத்தாஸிலிருந்து ரிவடாவியாவின் தொடக்கம் வரை 39 குவாத்ரா, நகர மையச் சதுக்கமான பிளாசா தெ மாஜோ அதற்குச் சற்று முன்பே வந்துவிடும். ஒரு வியாழக்கிழமை சதுக்கம் வரை முழுக்க நடந்தேன். முதலில் ஓன்ஸே, துணி மொத்த வியாபாரம் நடக்கும் நெரிசலான பகுதி. தாண்டினால் நாடாளுமன்றத்தின் பச்சைக் கூரை. அங்கிருந்து 1894இல் திறந்த அவெனிதா தெ மாஜோ. இந்தச் சாலையில் கண்ணைக் கீழே வைக்காமல் நடக்க ஆசையாக இருக்கும், குவிமாடங்களும் இரும்பு பால்கனிகளும் அப்படி. 1923இல் கட்டி முடித்த பலாசியோ பரோலோ 100 மீட்டர் உயரம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகம், கழுவாய் உலகம், சொர்க்கம் என்ற அடுக்கிலேயே கட்டடத்தையும் கீழிருந்து மேலாக அமைத்திருக்கிறார் மரியோ பலான்டி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர். மிக அகலமான ஒன்பது ஜூலை சாலையைக் கடக்க எனக்கு இரண்டு சிக்னல் தேவைப்பட்டது. நவம்பர் ஆகையால் ஹகராந்தா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாவாக நின்றன. கார்லோஸ் தாயிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1891இலிருந்து நகரப் பூங்காக்களின் பொறுப்பில் இருந்தவர். இந்த மரம் தெருவுக்குத் தெரு வந்தது அவரால்.

கண்ணை மேலே வைத்தால் கால் மாட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவு மழை. நடைபாதைச் சதுர ஓடுகளில் சில ஒட்டு விட்டு ஆடிக்கொண்டிருக்கும். அடியில் தண்ணீர் நின்றிருப்பது தெரியாது. ஒரு மூலையை மிதித்தால் எதிர் மூலையிலிருந்து கரும்பழுப்பு நீர் பீச்சி முழங்கால் வரை அடிக்கும். 'பல்தோசா ஃபுளோஹா' என்று இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, ஆடும் ஓடு என்று அர்த்தம். எனக்குக் கிடைத்தது வெளிர்நிறப் பேண்ட் போட்டிருந்த நாளில். உள்ளூர்க்காரர்கள் மழைக்கு மறுநாள் நிற மாற்றத்தைப் பார்த்துத் தாண்டித் தாண்டி நடப்பதைக் கவனித்தேன், பாண்டி ஆடுவது போல.

பிளாசா தெ மாஜோவில் மூன்றரை மணிக்கு வெள்ளைத் தலைத்துணி கட்டிய வயதான பெண்கள் சிலர் நடுவில் உள்ள தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு அவர்கள் இங்கே வரத் தொடங்கியது 1977 ஏப்ரல் 30. கூட்டமாக நிற்கத் தடை இருந்தது, போலீஸ் "நிற்காதே, நட" என்று விரட்டியது. சரி என்று இரண்டிரண்டு பேராக நடக்க ஆரம்பித்தார்கள். வியாழன்தோறும் இன்னும் நடக்கிறார்கள். தலைத்துணி முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் துணி. காணாமல் போனவர்கள் 30 ஆயிரம் பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. சிலர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்கள். நான் போன சமயம் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடக்கவிருந்த காலம், சதுக்கம் முழுக்கத் துண்டறிக்கை. கேமராவை வெளியே எடுக்க மனசு வரவில்லை. அவர்களோடு நாமும் நடக்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஒரு சுற்று நடந்தேன்.

நகரத்தின் வடக்கு ஏன் இவ்வளவு செழிப்பு, தெற்கு ஏன் இப்படிச் சுவர் உதிர்ந்து நிற்கிறது என்ற கேள்விக்கு ஒரு நோய்தான் பெரும்பங்கு பதில். 1871இல் மஞ்சள் காய்ச்சல் வந்து சில மாதங்களில் சுமார் 14 ஆயிரம் பேர் செத்துப் போனார்கள். அதுவரை பணக்காரர்கள் குடியிருந்தது தெற்கே சான் டெல்மோவில். காய்ச்சலுக்குப் பயந்து வடக்கே ரெகொலெட்டா பக்கம் போனவர்கள் திரும்பவில்லை. காலியான மாளிகைகளை அறை அறையாகப் பிரித்துக் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். முற்றத்தில் ஒரு குழாய், சுற்றிலும் அறைக்கு ஒரு குடும்பம். இருந்த இடுகாடுகள் போதாமல் மேற்கே சாக்கரிட்டாவில் புதிதாகத் திறந்தார்கள். பிணங்களை ஏற்றிப் போக இன்றைய கொரியெந்தஸ் வழியாகத் தனி ரயில் பாதை போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு மூன்று இடங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்ததால் எல்லாம் ஒரே கதையாகத் தெரிந்தது. என் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சான் டெல்மோவுக்கு எல்லோரும் ஞாயிறு போவார்கள், டிஃபென்ஸா தெரு நெடுகச் சந்தை. தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பழைய சோடா சைஃபன்கள் அடுக்கியிருந்த ஒரு கடையில் ரொம்ப நேரம் நின்றேன். கனமான கண்ணாடி, நீலம், பச்சை, வெளிர் ரோஜா. தலையில் உலோகக் கைப்பிடி. வெயில் உள்ளே புகுந்து மேஜைத் துணியில் நிறநிறமாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்று வாங்கலாம் என்று தூக்கிப் பார்த்தால் கால் செங்கல் கனம் இல்லை, முழுச் செங்கல். வைத்துவிட்டேன். அடுத்த செவ்வாய் அதே தெருவுக்குத் திரும்பப் போனேன். கூட்டம் இல்லாததால் வாசல்களுக்குள்ளே மூன்று அடுக்கு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது அன்றைக்குத்தான் தெரிந்தது. 1897இன் சந்தைக் கட்டடத்துக்குள் இரும்புத் தூண்களுக்கு அடியில் காய்கறிக் கடை ஒன்று இன்னும் இருக்கிறது, காப்பிக்கடைகள் நாலு பக்கமும் நெருக்க.

ரெகொலெட்டா இடுகாட்டில், அதிபராக இருந்த பெரோனின் மனைவி எவிட்டாவின் சமாதியைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்தே கண்டுபிடித்துவிடலாம். அவ்வளவு பெரிய பெயருக்குக் குறுகலான கறுப்புச் சமாதி, பெயரும் துவார்த்தே குடும்பம் என்றுதான். 1952இல் இறந்தவர் இங்கே வந்து சேர 1976 ஆனது. நடுவில் ராணுவம் உடலைக் கடத்தி மிலானில் வேறு பெயரில் புதைத்து வைத்திருந்தது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. சாக்கரிட்டாவில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கூட்டமும் இல்லை. 1935இல் விமான விபத்தில் இறந்த டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெல் அங்கே வெண்கலச் சிலையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ரசிகர்கள் அவர் விரலிடுக்கில் சிகரெட் பற்றவைத்துச் சொருகிவிட்டுப் போவார்கள். நான் போனபோது பாதி எரிந்தது ஒன்று இருந்தது.

பழைய துறைமுகப் பேட்டையான லா போக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 29ஆம் எண் பஸ்ஸில் பகலில் போங்கள், காமினிதோ தெருவின் தகர வீட்டு நிறங்களைப் பாருங்கள் (கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் என்பார்கள்), வந்த பஸ்ஸிலேயே திரும்புங்கள். இரண்டு குவாத்ரா தள்ளி 'அசல் லா போக்கா' பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். எனக்கும் தோன்றியது. கடைவாசலில் நின்ற ஒருவர் கூப்பிடாமலே வந்து, விரலை ஆட்டி, திரும்பிப் போ என்றார்.

திருட்டு எனக்கு வேறு இடத்தில் வந்தது, பட்டப்பகலில், ஆள் நிறைந்த தெருவில். முதுகில் என்னவோ ஈரமாக விழுந்தது. உடனே ஒரு பெண், கையில் டிஷ்யூ பேப்பரோடு, "பறவை, பறவை" என்று மேலே காட்டிக்கொண்டே துடைக்க வந்தாள். அவளோடு வந்த ஆள் என் பையின் வாரைத் தொட்டான். எதிர்ப்பக்கம் மூட்டை வைத்திருந்த ஒரு கிழவி "பையை, பையை!" என்று கத்தியதால் தப்பித்தேன். துடைக்க யாராவது வந்தால் நிற்காமல் நடந்து ஏதாவது ஒரு கடைக்குள் போய்விட வேண்டும், சட்டை எங்கும் போகாது. அடுத்தது மோட்டோசோர்ரோ, பைக்கில் வந்து போனைப் பறிப்பவர்கள். நடைபாதை ஓரத்தில் நின்று மேப் பார்த்தால் வீட்டுக்கார அம்மாவுக்கே கோபம் வரும். குவாத்ராக் கணக்கு இங்கேதான் பெரிய உதவி, போனை வெளியே எடுக்க வேண்டியதே இல்லை.

பஸ்ஸுக்கும் சுப்தேக்கும் சூபே கார்டு. ஒரே கார்டில் இரண்டு மூன்று பேருக்கும் பஸ்ஸில் தேய்க்கலாம். ஏறியதும் எங்கே இறங்குவோம் என்று டிரைவரிடம் சொன்னால் அதற்கேற்ற கட்டணத்தை அழுத்துவார். கை காட்டாவிட்டால் நிற்காது. சுப்தே இரவு பதினொன்று வாக்கில் முடிந்துவிடும், பஸ் விடிய விடிய உண்டு.

பணம் பற்றிச் சொன்னால் இன்றைக்கு அது பழங்கதை. அப்போது வங்கி விலை டாலருக்கு 350 பெசோ சொச்சம், தெரு விலை 900க்கு மேல். ஃபுளோரிடா தெருவில் "காம்பியோ, காம்பியோ" என்று முணுமுணுத்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். அவர்களுக்கு 'குட்டி மரங்கள்' என்று பட்டப்பெயர். 100 டாலர் மாற்றினால் ஆயிரம் பெசோ தாளில் 90 தாளுக்கு மேல். மடித்தால் பர்ஸ் மூடாது. சாக்ஸில் வைத்து நடந்தேன். 2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் டாலர் கணக்கில் ஊர் முன்னைவிடச் செலவு கூடியதாகிவிட்டது, என் காலத்துச் செலவுக் கணக்கை நம்பிப் போய்விடாதீர்கள். கசங்காத புது 100 டாலர் தாள் கொண்டு போங்கள் என்பது மட்டும் மாறவில்லை.

டாங்கோவுக்கு இரவு விருந்தோடு டிக்கெட் விற்கும் காட்சிகள் நிறைய. அதற்குப் பதில் பக்கத்துத் தெரு கிளப்பில் நடந்த மிலோங்காவுக்கு, அதாவது ஊர்க்காரர்கள் கூடி டாங்கோ ஆடும் இடத்துக்கு, வீட்டுக்கார அம்மா கூட்டிப் போனார். கூடைப்பந்து கோடுகள் போட்ட தரை, பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே ஆட வாயால் கூப்பிடுவதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் பார்த்து ஆண் தலையை லேசாக அசைப்பார். பெண்ணும் அசைத்தால் சம்மதம். கபெசேயோ என்று பெயர். நான் அது தெரியாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் அறுபது வயதுக்காரர் ஒருவர் தலையை ஆட்ட, மரியாதைக்கு நானும் ஆட்டிவிட்டேன். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு நேராக என் மேஜைக்கு வந்து நின்றுவிட்டார். ஒரு முறை எழுந்தால் நான்கு பாட்டு, இடையில் விடுபட்டுப் போவது அவமரியாதை. மூன்றே பாட்டில் அவர் காலை ஐந்து தடவை மிதித்தேன். நாலாவதில் அவர் சும்மா நடந்தார், நானும் கூட நடந்தேன். ஆட வேண்டாம் என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள்.

மாத்தே என்ற இலைத் தேநீர் பற்றியும் ஒன்று. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், முறை வைத்துச் சுற்றி வரும். கையில் வாங்கியதும் பழக்கத்தில் "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லிவிட்டேன். அதற்கு "எனக்குப் போதும்" என்று அர்த்தமாம். அடுத்த சுற்றில் என்னைத் தாண்டிக் குடுவை போய்விட்டது. ஏன் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது.

கிளம்பும் காலை, சூபே கார்டில் மிச்சமிருந்த பணத்தோடு அதை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் மணி. மரக்கூடையில் ஆறு கண்ணாடி சைஃபன்களோடு சோடாக்காரர். சான் டெல்மோவில் பழம்பொருள் என்று விலை சொன்ன அதே பச்சை. அம்மா சமையலறை மேடைக்கு அடியிலிருந்து காலியானவற்றை எடுத்துக் கொடுத்து, நிறைந்தவற்றை வாங்கி வைத்தார். மூன்று வாரமாக அந்த மேடையில்தான் நான் காப்பி போட்டிருந்தேன், குனிந்து பார்த்ததே இல்லை.